சிம்பாங் ரெங்கமும் செயலியும்

ஒரு கருவி வேண்டுமா, வேண்டாவா என்னும் வினாவிற்கு விடை அக்கருவியில் இல்லை. அதனால் ஆகவேண்டிய வினையிலேயே உள்ளது. இணையத்தளம் செய்யும் பணியையே கைப்பேசிச் செயலியும் செய்யுமாயின், செயலி எதற்கு என்று பலர் வினவுவர். இதனை ஆராய்வதற்கேற்ற வரலாறு ஜொகூர் மாநிலத்துச் சிம்பாங் ரெங்கத்தில் தொடங்குகின்றது.

கோவிட்-19 நோயைத் தடுக்க, 18-3-2020 அன்று மலேசியா முழுவதும் நடமாட்டக் கட்டுப்பாடு நடப்புக்கு வந்தது. அதனினும் கடுமையான கட்டுப்பாடு நாட்டில் முதன்முதலாக விதிக்கப்பட்ட இடம் சிம்பாங் ரெங்கமே. அங்குள்ள கம்போங் டத்தோ இப்ராகிம் மஜிட், பண்டார் பாரு டத்தோ இப்ராகிம் மஜிட் ஆகிய இரு குடியிருப்புகளில் 61 பேருக்குத் தொற்றுக் காணப்பட்டது. மார்ச்சு 27 முதல் 14 நாள்களுக்கு, ஏறத்தாழ 650 வீடுகளில் வாழ்ந்த 3,570 பேர் வெளியே செல்லலாகாது என ஆணை பிறந்தது. யார் யாரோடு பழகினர் என்பதை அன்று நோயுற்றோரை வினவியே அறிய வேண்டியிருந்தது. மனித நினைவோ தவறும், தொற்றோ காத்திராது.

அடுத்த மாதமே மைசெஜாத்ரா செயலி வெளிவந்தது. உடல்நிலையைத் தெரிவித்தல், கடை வாயிலில் வருகையைப் பதிதல் ஆகியவை அதன் பணிகளாயின. பெயரையும் நேரத்தையும் பதிய ஓர் இணையப் பக்கமே போதும். கியூஆர் குறியின் அருகே வைக்கப்பட்ட குறிப்பேடும் அதனைத்தானே செய்தது! நாளும் பல கடை ஏறுவார்க்குச் செயலி எளிது என்பது மெய். ஆயினும் வசதி வேறு, இன்றியமையாமை வேறு. 2021இல் தடுப்பூசிக்குப் பதிவு தொடங்கியபோது செயலியோடு இணையத்தளம், தொலைபேசி, மருத்துவ நிலையம் ஆகிய வழிகளும் திறந்திருந்தமை இதனை மெய்ப்பிக்கும்.

அங்ஙனமாயின் செயலி வீணோ? அன்று. அருகருகே நின்ற இருவரின் கைப்பேசிகள் புளூடூத் வழியே ஒன்றையொன்று தாமே உணர்ந்து குறித்துக்கொள்ளும் பணி வேறு வகையினது. மூடிய இணையப் பக்கம் அதனைச் செய்யாது. சிங்கப்பூரில் 20-3-2020 அன்று வெளிவந்த டிரேஸ்டுகெதர் செயலி இதற்கென்றே அமைந்தது. அதுவும் தடையின்றி நடைபெறவில்லை. தொடக்கத்தில் ஐஃபோனில் செயலியைத் திறந்தே வைத்திருத்தல் வேண்டியதாயிற்று. திறன்பேசி இல்லாத முதியோரோ முற்றும் விடுபட்டனர். ஆதலின் அவ்வாண்டு சூன் இறுதியில், கையில் கொண்டு செல்லும் சிறு கருவியொன்றை அரசு அவர்களுக்கு வழங்கத் தொடங்கியது.

இவ்வரலாற்றினின்று இரண்டு உண்மைகள் புலனாகின்றன. படித்தலும் பதிதலுமே வேலையாயின் இணையத்தளம் போதும். கைப்பேசியின் உறுப்புகள் இடையறாது உழைக்க வேண்டுமாயின் செயலி வேண்டும். இஃது ஒன்று. எதனைத் தேர்ந்தாலும், அது கைவராதவர்க்கு மாற்று வழியொன்று வைத்தாக வேண்டும் என்பது மற்றொன்று. மைசெஜாத்ராவில் வருகை பதியும் கட்டாயம் 1-5-2022 அன்று நீங்கியது. பள்ளியிலும் அலுவலகத்திலும் புதுச் செயலியொன்றைக் கட்டாயமாக்க முனைவோர், திறன்பேசி இல்லாதவர் எந்த வாயில் வழியே வருவார் என்பதை முதலில் எண்ணுதல் வேண்டும்.