துயரத்தின் இரு முகங்கள்

காய்ச்சலில் கிடப்பவனை எவரும் கடிந்து கொள்வதில்லை. உள்ளம் சோர்ந்து கிடப்பவனுக்கோ ஆளுக்கோர் அறிவுரை வழங்குகிறோம். எல்லாத் துயருக்கும் அறிவுரை மருந்தாகுமா? பதினொரு நூற்றாண்டுகளுக்கு முன்பே இவ்வினாவை ஆராய்ந்தவர் அபூ ஸைத் அல்பல்கீ.

குராசானின் பல்கு நகரை அடுத்த சிற்றூரில் கி.பி. 850ஐ ஒட்டிப் பிறந்த இவர், பக்தாத் சென்று தத்துவமேதை அல்கிந்தியிடம் பயின்றார்; 934இல் மறைந்தார். 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்னும் இவரது நூலின் முற்பகுதி உடல்நலம் பற்றியது. பிற்பகுதி உள்ளநலம் பற்றியது. மருத்துவர்கள் உடலோடு நின்றுவிடுவதைக் குறையெனக் கண்டே இவர் இரண்டையும் இணைத்தார்.

உள்ளத்தின் நோய்களைச் சினம், அச்சம், துயரம், வஸ்வாஸ் என நான்காக வகுத்தார் பல்கீ. விரும்பாத எண்ணம் மீண்டும் மீண்டும் வந்து மொய்ப்பதே வஸ்வாஸ். அதனால் வருந்துவோன் தனிமையைத் தவிர்த்துப் பிறரோடு கூடியிருக்க வேண்டும் என்றார். அஞ்சுவோனோ, அஞ்சும் பொருளுக்குக் கண்ணையும் காதையும் திரும்பத் திரும்பப் பழக்க வேண்டும். நோயின் போக்கு வேறாகும்போது மருந்தும் வேறாகிறது.

துயரத்தை அவர் பிரித்த முறையே நம்மை வியக்க வைக்கிறது. அன்புக்குரியவரையோ பொருளையோ இழந்ததால் வருவது ஒன்று. அதற்கு ஆறுதல் மொழியும், தன் எண்ணங்களைத் தானே சீர்செய்தலும் மருந்து. காரணம் புலப்படாமலே நிலைத்திருந்து, ஊக்கத்தையும் இன்பத்தையும் பறிப்பது மற்றொன்று. அதன் வேர் உடலில் உள்ளது. ஆகவே மகிழ்வூட்டும் பேச்சோடு உடலுக்கும் மருத்துவம் வேண்டும் என்பது அவர் முடிவு.

குருதியின் கேடே இதற்குக் காரணம் என்ற அவரது விளக்கம் இன்று நிற்பதில்லை. இரு துயரங்களுக்கும் இடையே அத்துணைக் கூர்மையான கோட்டையும் இன்றைய மருத்துவம் கிழிப்பதில்லை. எனினும், நோயாளியிடம் மீண்டும் மீண்டும் தோன்றும் எண்ணத்தையும் நடத்தையையும் கண்டறிந்து, அதற்கேற்பச் சிகிச்சையை அமைக்கும் நெறி இன்றும் வாழ்கிறது. 1960களில் அமெரிக்க மருத்துவர் ஆரன் பெக், சோர்வுற்றோரிடம் தம்மையே தாழ்த்தும் எண்ணங்கள் ஓயாது எழுவதைக் கண்டு, அவற்றைத் திருத்தும் சிகிச்சை முறையை வகுத்தார். சூடான் நாட்டு உளவியலறிஞர் மாலிக் பத்ரீ, பல்கீ நூலின் உள்ளநலப் பகுதியை 2013இல் ஆங்கிலத்தில் வெளியிட்டபோது, இவ்விரு முறைகளின் ஒற்றுமையையே எடுத்துக் காட்டினார்.

காரணம் சொல்லத் தெரியாமல் வாடுபவனிடம், 'உனக்கென்ன குறை?' என்று கேட்பது அவன் சுமையைக் கூட்டுவதாகும். அவனை மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே நாம் காட்டத்தக்க பரிவு. பல்கீ நமக்கு விட்டுச் சென்ற பாடமும் அதுவே.