பார்க்க விடவில்லை!

பள்ளத்தூரிலே, சீதாலட்சுமி ஆச்சி பெயரால் மகளிர் கல்லூரியொன்று நடக்கிறது. ஆடவர் பர்மாவுக்குக் கப்பலேற, வளவுக்குள்ளேயே வாழ்ந்து முடித்த ஆச்சிமார் எத்தனை பேர்! அவர்தம் பேத்திமார் ஏடேந்தி நடக்கும் ஊரிலே, கல்பனா சாவ்லாவை நினைவுகூர்வது பொருத்தமென்றே கருதுகிறோம்.

கர்னாலில் பிறந்து, சண்டிகரில் வானூர்திப் பொறியியல் பயின்றவர் கல்பனா. 1997 நவம்பரில் கொலம்பியா விண்கலத்தில் பறந்தார். இந்தியாவில் பிறந்த பெண்களில் விண்வெளி கண்ட முதல்வர் அவரே. சூரியனை ஆராயும் ஸ்பார்ட்டன் என்ற செயற்கைக்கோளை இயந்திரக் கரத்தால் வெளியே விடுவது அவர் பணி. விட்டார், கோள் இயங்கவில்லை. மீண்டும் பற்ற முனைந்தபோது நழுவிச் சுழன்றது.

நம் நாட்டுச் சோதிடர் அருகிலிருந்தால், "ஏழரைச் சனி" என்றிருப்பார், தட்சிணையும் கேட்டிருப்பார்! அங்கோ, கருப்பினத் தோழர் வின்ஸ்டன் ஸ்காட்டும் ஜப்பானியர் தகாவோ டோயும் கலத்தைவிட்டு வெளியே வந்தனர். ஒரு டன்னுக்கும் மிகுந்த அக்கோளைக் கையாலேயே பற்றினர். 7 மணி 43 நிமிடம் வெளியில் இருந்தனர்.

அந்த வெளி எத்தகையது? காற்றில்லை, உடை கிழிந்தால் உயிரில்லை. 1965 மார்ச் 18இல் முதன்முதல் அங்கே உலவிய சோவியத் வீரர் அலெக்சி லியோனோவின் உடை, பலூன்போல் உப்பிற்று. திரும்பிக் கலத்துள் நுழைய இயலவில்லை. காத்தது மந்திரமா? வால்வைத் திறந்து, உடைக்குள்ளிருந்த காற்றைக் குறைத்தன்றோ உள்ளே புகுந்தார்!

ஸ்பார்ட்டன் நழுவியதற்குக் கல்பனாமீது பழி போட்டு முடித்துவிடவில்லை. ஆராய்ந்தனர், மென்பொருளிலும், வகுத்த வேலைமுறையிலும் குறை கண்டனர். அவர் மீண்டும் பறந்தார்.

2003 சனவரி 16. கொலம்பியா கிளம்பிய 82ஆம் வினாடியில், எரிபொருள் தொட்டியின் நுரைக்காப்பு பெயர்ந்து இடச் சிறகைத் தாக்கிற்று. சிறகைப் படமெடுத்துப் பார்க்கவேண்டுமெனப் பொறியாளர் சிலர் கேட்டனர். மேலிடம் இணங்கவில்லை. விண்ணிலே வெளிநடைக்குப் பயின்ற மைக்கேல் ஆண்டர்சனும் டேவிட் பிரௌனும் கலத்திலேயே இருந்தனர். அவர்கள் வெளியே சென்று சிறகைப் பார்த்திருக்க இயலும் என்று விசாரணைக் குழுவே பின்னர் எழுதிற்று. பஞ்சாங்கத்தைத் தூக்கியெறிந்தோர் கூடத்திலும், பதவி பேசினால் கேள்வி ஊமையாகிவிடுகிறதே!

பிப்ரவரி 1ஆம் நாள், மண்ணுக்குத் திரும்பும் வழியிலே, சிறகின் உடைப்பு வழியே தீயெனக் காற்று புகுந்தது. கல்பனாவும் தோழர் அறுவரும் மாண்டனர்.

அடுத்து 2005இல் பறந்தது டிஸ்கவரி. அதன் அடிப்பாகத்தில் ஓடுகளுக்கிடையே இரு துணுக்குகள் துருத்தி நிற்பதைப் படமெடுத்துக் கண்டனர். இம்முறை எவரும் "வேண்டாம்" என்று தடுத்து நிறுத்தவில்லை. ஆகஸ்ட் 3ஆம் நாள் ஸ்டீபன் ராபின்சன் வெளியே சென்று, கலத்தின் வயிற்றடியை அடைந்து, அவ்விரண்டையும் கையாலேயே இழுத்தெடுத்தார்.