வளர்ப்பு நாயுடன் நடக்கையில் பாம்பு, கீரி எதிர்ப்பட்டால்: தற்காப்பும் முதலுதவியும்

பூந்தமல்லியை அடுத்த சென்னீர்குப்பத்திலும் அதன் சுற்றுப்புறங்களிலும் குடியிருப்புகளுக்கு இடையே காலி மனைகளும் புதர்களும் மழைநீர் வடிகால்களும் உள்ளன. கூவம் ஆற்றங்கரையும் செம்பரம்பாக்கம் ஏரிக்கரையும் தொலைவில் இல்லை. எலியும் தவளையும் உள்ள இடத்தில் பாம்பும், பாம்பு உள்ள இடத்தில் கீரியும் இருப்பது இயல்பு. எனவே காலையிலும் மாலையிலும் வளர்ப்பு நாயுடன் நடைப்பயிற்சி செல்வோர் இவ்வுயிரினங்களை எதிர்கொள்ள நேரிடலாம். அத்தகைய வேளையில் செய்ய வேண்டியவற்றையும் தவிர்க்க வேண்டியவற்றையும் இப்பக்கம் விளக்குகிறது.

நாய் உடன் வருவதால் ஏற்படும் வேறுபாடு

தனியாக நடப்பவரின் காலடி அதிர்வை உணர்ந்தால் பாம்பு பெரும்பாலும் விலகிச் சென்றுவிடும். நாயோ மோப்பம் பிடித்துப் புதருக்குள் முகத்தை நுழைக்கிறது. குரைத்துப் பாம்பைச் சுற்றி வளைக்கிறது. தப்பிக்க வழியற்ற பாம்பு கடிக்கிறது. நாயை இழுக்கக் குனிந்து கையை நீட்டும் உரிமையாளரும் அப்போது கடிபடக்கூடும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். மாலை இருட்டிய பின் ஒருவர் தம் நாயை அவிழ்த்து விடுகிறார். புதரோரம் நாய் குரைக்கிறது. அவர் ஓடிச் சென்று அதன் கழுத்துப்பட்டையைப் பற்றி இழுக்கிறார். நாயின் முகம் வீங்குவதைக் கண்டு பதறிக் கால்நடை மருத்துவமனைக்கு விரைகிறார். தம் விரலில் இருக்கும் சிறு கீறலை முள் குத்தியதாக எண்ணுகிறார். நாய்க்குச் சிகிச்சை நடக்கும் ஒரு மணி நேரத்தில் அவருடைய கண் இமைகள் தொங்கத் தொடங்குகின்றன. இவருக்குக் கேடு விளைவித்தது பாம்பின் நஞ்சு மட்டுமன்று. தாம் கடிபட்டதை அறியாமல் இழந்த அந்த ஒரு மணி நேரமும்தான்.

எனவே நாய் பாம்பை எதிர்கொண்ட ஒவ்வொரு முறையும் முதலில் உங்கள் கைகளையும் கால்களையும் வெளிச்சத்தில் பாருங்கள். பல் தடமோ கீறலோ ஐயமோ இருப்பின் நீங்கள் உடனே மருத்துவமனை செல்லுங்கள். நாயைக் குடும்பத்தினரோ அண்டை வீட்டாரோ அழைத்துச் செல்லட்டும்.

நடைப்பயிற்சியின்போது கடைப்பிடிக்க வேண்டியவை

• நாயை எப்போதும் கயிற்றில் பிடித்து நடத்துங்கள். கயிறு ஏறத்தாழ ஒன்றரை மீட்டருக்கு மேற்படாதிருப்பது நன்று. தானே நீளும் வகைக் கயிற்றைப் புதர்ப் பகுதியில் பயன்படுத்த வேண்டாம்.
• பாதையின் நடுவில் நடங்கள். உயர்ந்த புல், செங்கல் குவியல், விறகு அடுக்கு, குப்பைமேடு ஆகியவற்றை நாய் முகர விடாதீர்கள்.
• விடியுமுன்னும் இருட்டிய பின்னும் கைவிளக்கு எடுத்துச் செல்லுங்கள். செருப்புக்கு மாறாகக் கணுக்காலை மூடும் காலணி அணியுங்கள்.
• வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பொந்துகளில் நீர் புகுவதால் பாம்புகள் மேட்டு நிலத்துக்கும் வீட்டு வாசலுக்கும் வரும். அக்டோபர் முதல் திசம்பர் வரை கூடுதல் கவனம் தேவை.
• பாம்பைக் கண்டால் நில்லுங்கள். கயிற்றைச் சுருக்கி, நாயை உங்கள் பக்கம் இழுத்து, மெல்லப் பின்வாங்குங்கள். கல்லெறிதலும் கம்பால் அடித்தலும் கூடாது. குடியிருப்புக்குள் பாம்பு இருந்தால் வனத்துறைக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ தெரிவியுங்கள். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972 பாம்புகளுக்கும் பாதுகாப்பு அளிக்கிறது.

நச்சுப் பாம்புகளும் அறிகுறிகளும்

நம் நாட்டில் பாம்புக்கடி இறப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு நான்கு வகைப் பாம்புகள் காரணம் எனக் கருதப்படுகின்றன.

நல்ல பாம்பு (நாகம்): கடித்த இடத்தில் வலி, வீக்கம், பின்னர் இமை தொங்குதல், விழுங்க இயலாமை, மூச்சுத்திணறல்.

கட்டுவிரியன்: பெரும்பாலும் இரவில் கடிக்கும். வலியோ வீக்கமோ ஏறத்தாழ இல்லாமலிருக்கலாம்; பல் தடம்கூடத் தெரியாமல் போகலாம். வயிற்றுவலி, இமை தொங்குதல், பேச்சுக் குழறல் ஆகியன பின்னரே தோன்றும்.

கண்ணாடி விரியன்: பிரஷர் குக்கரின் ஆவி போல உரக்கச் சீறும். கடுமையான வலி, பரவும் வீக்கம், ஈறிலிருந்தும் சிறுநீரிலும் இரத்தக்கசிவு, சிறுநீரகப் பாதிப்பு ஆகியன ஏற்படலாம். இதனை மலைப்பாம்புக் குட்டி என எண்ணி நெருங்குவோர் உண்டு, அது பெருந்தவறு.

சுருட்டை விரியன்: உருவில் சிறியது. இரத்தம் உறையும் தன்மையைக் கெடுக்கும்.

சாரையும் தண்ணீர்ப்பாம்பும் நச்சற்றவை. ஆயினும் கடித்தது எது என நீங்களே முடிவு செய்ய வேண்டாம்; அதனை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள்.

பாம்பு கடித்தால் முதலுதவி

1. பாம்பிடமிருந்து விலகுங்கள். கடிபட்டவரை அமைதிப்படுத்தி அமர அல்லது படுக்கச் செய்யுங்கள்; நடக்கவோ ஓடவோ விடாதீர்கள்.
2. மோதிரம், வளையல், கொலுசு, கைக்கடிகாரம் ஆகியவற்றை வீக்கம் வருமுன் கழற்றுங்கள்.
3. எலும்பு முறிவுக்குச் செய்வது போல, கடிபட்ட கை அல்லது காலை மரப்பலகை அல்லது அட்டையுடன் சேர்த்துத் தளர்வாகக் கட்டி அசையாமல் வையுங்கள்.
4. கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.
5. 108 அவசர ஊர்தியை அழையுங்கள். அது வரத் தாமதமாகுமெனில் கிடைக்கும் வாகனத்தில் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.
6. வாந்தியோ மயக்கமோ இருப்பின் இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள்.

செய்யக் கூடாதவை: கயிற்றால் இறுகக் கட்டுதல், கத்தியால் கீறுதல், வாயால் உறிஞ்சுதல், தேய்த்துக் கழுவுதல், பச்சிலை பூசுதல், மந்திரிக்கச் செல்லுதல். ஏற்கெனவே இறுகக் கட்டியிருந்தால் வழியில் திடீரென அவிழ்க்காதீர்கள்; மருத்துவமனையில் உரிய முன்னேற்பாட்டுடன் அவிழ்ப்பர்.

மருத்துவமனையில் நடப்பது என்ன?

கடிபட்ட அனைவருக்கும் விஷமுறிவு மருந்து தரப்படுவதில்லை. நச்சுப் பாம்பு கடித்தும் நஞ்சைச் செலுத்தாமல் விடுவதுண்டு. கண்ணாடிக் குழாயில் எடுத்த இரத்தம் 20 நிமிடத்தில் உறைகிறதா எனப் பார்ப்பர். இமை, மூச்சு, வீக்கம் ஆகியவற்றைத் தொடர்ந்து கவனிப்பர். நஞ்சேறிய அறிகுறி தெரிந்தால் மேற்கூறிய நான்கு பாம்புகளின் நஞ்சையும் முறிக்கும் மருந்தைச் சிரை வழியே செலுத்துவர். அறிகுறி இல்லாவிடினும் குறைந்தது 24 மணி நேரம் தங்கச் சொல்வர். இடையில் வீடு திரும்ப வேண்டாம்.

குழந்தைக்கும் பெரியவருக்கும் தொடக்க மருந்தளவு ஒன்றே. ஆளின் எடைக்கேற்பப் பாம்பு நஞ்சைக் குறைத்துச் செலுத்துவதில்லை என்பதே காரணம். இம்மருந்து இரத்தத்தில் உள்ள நஞ்சை முறிக்கும். ஏற்கெனவே சிதைந்த திசுவையோ சிறுநீரகத்தையோ சீராக்காது. ஆதலால் விரைந்து செல்வது இன்றியமையாதது.

மருந்து ஆக்கத்துக்கான பாம்பு நஞ்சை, மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வழங்கி வருகிறது. தமிழ்நாட்டில் 2024 நவம்பர் முதல் பாம்புக்கடி, அரசுக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய பாதிப்பாக உள்ளது.

கீரி அல்லது பிற விலங்கு கடித்தால்

கீரி, நரி, குரங்கு, தெருநாய் ஆகியவற்றின் கடியால் ரேபிஸ் எனும் வெறிநோய் பரவலாம். அறிகுறி தோன்றிய பின் இந்நோயிலிருந்து உயிர் பிழைப்பது மிக அரிது. ஆனால் கடிபட்டவுடன் முறையாகச் சிகிச்சை பெற்றால் இதனை முற்றிலும் தடுக்கலாம்.

• பாம்புக்கடிக்கு மாறாக, இக்காயத்தை உடனே சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, எண்ணெய் எதுவும் பூசக் கூடாது.
• அன்றே அரசு மருத்துவமனை செல்லுங்கள். தோலுக்குள் போடும் தடுப்பூசி 0, 3, 7, 28ஆம் நாள்களில் இலவசமாகப் போடப்படுகிறது. ஒரு தவணையையும் தவறவிடாதீர்கள்.
• இரத்தம் வந்த காயத்துக்கும் காட்டு விலங்கின் கடிக்கும் தடுப்பூசியுடன் இம்யூனோகுளோபுலின் எனும் மருந்தும் காயத்தைச் சுற்றிச் செலுத்தப்படும்.
• கீரியுடன் சண்டையிட்ட நாயை வெறுங்கையால் தடவாதீர்கள். அதன் உடலில் படிந்த எச்சில் உங்கள் கைப்புண் வழியே உட்புகலாம். கையுறை அணிந்து கழுவுங்கள்.

நாய் கடிபட்டால்

நாயை நடக்க விடாமல் தூக்கிச் செல்லுங்கள். வலியில் அது உங்களையும் கடிக்கக்கூடும். மூச்சுத்திணறலும் முக வீக்கமும் இல்லையெனில் துணியால் வாயைத் தளர்வாகக் கட்டலாம். நாய்க்கும் விஷமுறிவு மருந்து உண்டு. அருகிலுள்ள கால்நடை மருத்துவமனைக்கோ வேப்பேரி சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ கொண்டு செல்லலாம். கீரியோ தெருநாயோ கடித்திருந்தால், முன்பே தடுப்பூசி போட்ட நாயாயினும் மீண்டும் தடுப்பூசி தேவைப்படும். ஆண்டுதோறும் போட வேண்டிய வெறிநோய்த் தடுப்பூசியின் அட்டையைப் பாதுகாத்து வையுங்கள்.

உடனடியாக மருத்துவமனை செல்ல வேண்டிய அறிகுறிகள்

இமை தொங்குதல், இரட்டைப் பார்வை, விழுங்குவதில் இடர், மூச்சுத்திணறல், ஈறு அல்லது மூக்கிலிருந்து இரத்தம், சிறுநீர் குறைதல் அல்லது சிவத்தல், காரணமற்ற கடும் வயிற்றுவலி ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் பாம்பைப் பார்த்தீர்களா இல்லையா என ஆராய்ந்து காலம் கடத்த வேண்டாம்.

அவசர உதவிக்கு: 108. மருத்துவ ஆலோசனைக்கு: 104. கால்நடை உதவிக்கு: 1962.

இப்பக்கத்தில் உள்ள தகவல்கள் பொதுமக்களின் விழிப்புணர்வுக்கானவை. மருத்துவரின் நேரடிப் பரிசோதனைக்கு மாற்றானவை அல்ல.