மருந்தளவு: கொல்லிமலை

நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலையில் இரண்டு அளவு முறைகள் அருகருகே வழங்குகின்றன. ஒன்று சித்த மருத்துவத்தின் கையளவு: மூன்று விரல் நுனியில் எடுக்கும் சூரணம் திரிகடி, ஐந்து விரலும் கூட்டி அள்ளுவது வெருகடி. நிறைக்குக் குன்றிமணி (சுமார் 130 மில்லிகிராம்), பணவெடை (சுமார் 488). தேன், நெய், வெந்நீர் என மருந்தோடு சேர்த்துக் கொடுக்கும் அனுபானமும் உண்டு.

மற்றது மருந்துக்கடை அளவு. இங்கே குழந்தைகளுக்கு உடல் எடையே முதல் கணக்கு. குழந்தைக்குப் பாராசிட்டமால் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். 12 கிலோ குழந்தைக்கு 120 முதல் 180. ஐந்து மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள சிரப்பில் ஐந்து மில்லி கொள்ளும் ஒரு மூடி போதும். அதே மூடியை 250 உள்ள சிரப்பில் நிரப்பினால் அளவு மீறிவிடும். இரண்டு புட்டிகளும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கலாம் என்பதால் லேபிளைப் படிப்பது கட்டாயம். எழுபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள மலையிலிருந்து இறங்கித்தான் பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டிய ஊரில் இந்தப் பிழை தாங்க முடியாதது.

வயது, கர்ப்பம், கூடவே உண்ணும் மருந்துகள், கல்லீரல், சிறுநீரகம் ஆகியவையும் அளவை மாற்றும். சிறுநீரகம் மிகவும் தளர்ந்தவருக்கு மெட்ஃபார்மின் தரப்படுவதில்லை.

பழுப்பு மயிர் போர்த்திய முடவாட்டுக்கால் கிழங்கு இங்கே சூப்பாகிறது. கிழங்குக்குக் கிழங்கு சத்து வேறுபடுவதால் அதன் அளவை மில்லிகிராமில் சொல்ல முடியாது. ஆங்கில மருந்து சாப்பிடுபவர் மூலிகையும் எடுத்தால் மருத்துவரிடம் இரண்டையும் சொல்ல வேண்டும்.