பத்து ஷில்லிங் சிங்கம்

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் 'லயன் கிங்' படத்தை நூறாவது தடவையாகப் போடச் சொல்லி அடம். உங்கள் வீட்டிலும் இந்தக் கூத்து நடந்திருக்கும். அதில் டிமோனும் பும்பாவும் சிங்கம் தூங்குவதைப் பற்றி ஒரு பாட்டை எடுத்து விடுவார்கள் இல்லையா, அது எனக்கு மைசூர் மைன்ஸிலேயே பழக்கமான பாட்டு. எங்கள் லைனுக்குக் கொஞ்சம் தள்ளி ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் இருந்தன. கிறிஸ்துமஸ் வந்தால் ரெக்கார்டு போட்டு ஆடுவார்கள். அர்த்தம் தெரியாமல் நாங்களும் கத்துவோம். அமெரிக்கப் பாட்டு என்றே நினைத்திருந்தேன்.

பிழைக்க வந்த இடம் ஜோகன்னஸ்பர்க். இங்கேயும் தங்கச் சுரங்கம், இங்கேயும் ஊரைச் சுற்றி நம்ம சயனைடு மேடு மாதிரியே மஞ்சள் மண் மேடுகள். அந்தப் பாட்டு பிறந்ததே இந்த ஊரில்தான் என்று வந்த பிறகுதான் தெரிந்தது.

பாடியவர் பெயர் சாலமன் லிண்டா. நேட்டால் கிராமத்திலிருந்து வேலை தேடி வந்த ஜூலு இளைஞர். எழுதப் படிக்கத் தெரியாது. 1939-ல் 'ஈவினிங் பேர்ட்ஸ்' என்ற தன் குழுவோடு காலோ கம்பெனி ஸ்டுடியோவில் 'எம்பூபே' பாடினார். எம்பூபே என்றால் சிங்கம். மூன்றாவது முறை பதிவு செய்யும்போது, கடைசியில் தானாக ஒரு மெட்டு போட்டு உச்சத்தில் பாடினார். உலகம் முழுக்கப் பரவியது அந்தக் கடைசித் துண்டுதான்.

1948-க்குள் ஏறக்குறைய ஒரு லட்சம் ரெக்கார்டு விற்றது. பாட்டின் உரிமைக்கு அவருக்குக் கிடைத்தது பத்து ஷில்லிங். அன்றைய மாற்று விகிதத்தில் போட்டுப் பார்த்தேன் (தொழில் புத்தி!): 6 ரூபாய் 10 அணா 8 பை. அதே கம்பெனியின் ரெக்கார்டு கிடங்கில் பேக்கிங் வேலையும் பார்த்தார்.

ரெக்கார்டு ஒன்று அமெரிக்காவில் பீட் சீகர் கைக்குப் போனது. ஜூலுச் சொல் அவர் காதில் 'விமோவே' என்று விழ, அந்தப் பெயரிலேயே 1952-ல் 'வீவர்ஸ்' குழுவின் பாட்டாக வெளிவந்தது. சீகர் நல்ல மனிதர், ஒரு தடவை 1000 டாலர் அனுப்பினார். பிறகு 1961-ல் புரூக்ளின் பையன்கள், 'டோக்கன்ஸ்' குழு, ஜார்ஜ் வைஸ் எழுதிய ஆங்கில வரிகளோடு டூ-வாப் பாணியில் பாடினார்கள். டூ-வாப் வேறொன்றுமில்லை, ஒருவர் பாட மற்றவர்கள் வாயாலேயே வாத்தியம் வாசிப்பது. நம்ம மார்கழி பஜனை கோஷ்டியில் முன்பாட்டும் பின்பாட்டும் இருக்குமே, அதன் தெருமுனைத் தம்பி. அந்த டிசம்பரில் அமெரிக்காவில் முதலிடம்.

மறு வருஷம், 1962-ல், சிறுநீரகம் கெட்டு லிண்டா இறந்தார். கல்லறைக்குக் கல் வைக்கக் குடும்பத்துக்குப் பல வருஷம் ஆனது.

இதைப் படித்தபோது எங்கப்பா ஞாபகம். பூமிக்குக் கீழே வேலை பார்த்தவர். ஒரு சீட்டுக் கம்பெனிக்காரன் நீட்டிய இங்கிலீஷ் பேப்பரில் கையெழுத்துப் போட்டார். அம்மாவின் வளையல் போனது. நான் பி.காம். சேர்ந்ததற்கு அதுதான் காரணம், வேறு பெரிய லட்சியம் எதுவும் இல்லை.

லிண்டா விஷயத்தில் ஒரு பழைய சட்டம் கைகொடுத்தது. 2000-ல் ரியான் மலான் என்ற பத்திரிகையாளர் இந்தக் கணக்கையெல்லாம் தோண்டி 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகையில் எழுதினார். 1911-ம் வருஷத்து பிரிட்டிஷ் காப்புரிமைச் சட்டத்தில் ஒரு பிரிவு: எழுதியவர் உரிமையை விற்றிருந்தாலும், இறந்து 25 வருஷம் கழித்து அது வாரிசுகளுக்குத் திரும்பும். 1914 முதல் நம்ம நாட்டிலும் இருந்த சட்டம்தான். அப்படிப் பார்த்தால் 1987-லேயே லிண்டாவின் வாரிசுகளுக்குச் சேர்ந்துவிட்டது. 'லயன் கிங்' வந்ததோ 1994-ல். ஓவன் டீன் என்ற வக்கீல் 2004-ல் டிஸ்னி மீதே வழக்குப் போட்டார். 2006 பிப்ரவரியில் சமரசம். பழைய பாக்கி உட்பட ராயல்டி, கூடவே இணை இசையமைப்பாளர் என்று லிண்டாவின் பெயர். ரசீதே இல்லாத கடனை வசூல் பண்ணின மாதிரி.

மகளுக்கு 1939 பதிவைப் போட்டுக் காட்டினேன். "இது வேற பாட்டுப்பா" என்று எழுந்து போகப் பார்த்தாள். கடைசி வரைக்கும் பொறு என்று பிடித்து உட்கார வைத்தேன். மெட்டு வந்ததும் கூடவே பாட ஆரம்பித்துவிட்டாள்.