கெட்ட இரத்தம்

நோயாளி டாக்டரை நம்புகிறான். ஊசி ஏந்திய கையை அவன் ஐயுறுவதில்லை. எழுதித் தரும் மருந்தின் பெயரைப் படிக்க அவனால் இயலாது. படித்தாலும் பொருள் விளங்காது. உயிரை ஒப்படைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறான். அந்த நம்பிக்கையின்மீதுதான் மருத்துவம் எனும் தொழிலே நிற்கிறது.

அந்த நம்பிக்கையையே தூண்டிலாக்கி, ஏழை மக்களை நாற்பதாண்டுக் காலம் ஏய்த்த வரலாறு ஒன்று உண்டு. காட்டுமிராண்டிக் காலத்துச் செய்தியன்று அது. மின்சாரமும் வானொலியும் வந்தபின், மனிதன் திங்களில் கால் வைத்தபின்னும் தொடர்ந்த கொடுமை. நடந்த இடம் அமெரிக்க நாடு. காலம் 1932 முதல் 1972 வரை.

அந்நாட்டின் தென்பகுதியிலே அலபாமா மாநிலம். அதிலே மேக்கன் எனும் மாவட்டம். பருத்தி விளையும் பூமி. 1865இல் சட்டம் அடிமைத்தளையை அறுத்தது. ஆனால் நிலம் கைமாறவில்லை. பாட்டன் அடிமையாய் உழுத மண்ணைப் பேரன் வாரத்துக்கு உழுதான். விளைச்சலில் பாதி நிலக்காரனுக்கு, மீதி கடனுக்கு. உழுதவனுக்கு எஞ்சியது வியர்வை. அந்தக் கறுப்பின உழவரிடையே மேகநோய் பரவியிருந்தது. சிபிலிஸ் என்பார்களே, இதயத்தை அரித்து, கண்ணைக் கெடுத்து, மூளையையும் குலைக்கும் அந்த நோய்!

முதலில் மருந்து கொடுக்கத்தான் முயன்றனர். அறநிதி ஒன்று பொருளுதவி செய்தது. 1929இல் தொடங்கிய பொருளாதார நெருக்கடியிலே அந்த உதவி நின்றது. மருந்துக்குப் பணமில்லை. அப்போதுதான் அரசாங்கப் பொதுச் சுகாதாரத் துறையின் மருத்துவர் சிலருக்கு ஓர் எண்ணம் உதித்தது: "இவர்களுக்கு எப்படியும் மருத்துவம் கிட்டப் போவதில்லை. மருந்தில்லாமல் விட்டால் நோய் எவ்வாறு வளர்கிறது என்று பார்த்து எழுதினால் என்ன?"

'எப்படியும் கிட்டப் போவதில்லை' — இந்தச் சொற்களைக் கவனியுங்கள், தோழர்களே! ஒருவன் ஏழை என்பதையே அவனை மேலும் வதைப்பதற்குரிய உரிமைச் சீட்டாக ஆக்கும் சொற்கள் அல்லவா அவை?

ஆறு திங்களில் முடிப்பதாகத்தான் திட்டம். நோயுற்றவர் 399 பேர். ஒப்பிட்டுப் பார்க்க நோயற்றவர் 201 பேர். அரசினரே அவர்களுக்கு நோயை ஊட்டினர் என்று சிலர் கூறுவதுண்டு. அது பிழை, நோய் முன்பே இருந்தது. அரசு மருத்துவர் செய்த குற்றம் வேறு. இன்ன நோய் என்று அவர்கள் சொல்லவில்லை. "உங்களுக்குக் கெட்ட இரத்தம், அதற்கு வைத்தியம் செய்கிறோம்" என்றனர். கொடுத்தது ஆஸ்பிரினும் சத்து மருந்தும். ஆராய்ச்சிக்காக முதுகெலும்பில் ஊசி ஏற்றி நீர் எடுத்தனர். அதையே 'இலவசச் சிறப்புச் சிகிச்சை' என்று கடிதம் எழுதி அழைத்தனர்!

வந்தவர்க்கு அன்று சூடான உணவு, போகவர வண்டி, இறந்தால் அடக்கச் செலவு. ஈமச் சடங்குக்கு வழியின்றிப் போவோமோ என்று அஞ்சிய ஏழைகளுக்கு இதைவிடப் பெரிய வரம் ஏது? அதற்கு ஈடாகக் கேட்டது, இறந்தபின் உடலை அறுத்துப் பார்க்க இசைவு. ஆம்! உயிரோடிருக்கையில் மருந்தில்லை; பிணமானபின் கத்தி உண்டு.

காலம் மாறிற்று. பெனிசிலின் வந்தது. 1947 அளவில் மேகநோய்க்குரிய முறையான மருந்து அதுவே என்று உலகம் ஒப்புக்கொண்டது. மருந்தில்லை என்ற சாக்கு மடிந்தது. ஆராய்ச்சி மடிந்ததா? இல்லை. இரண்டாம் உலகப் போரின்போது பட்டாளத்துக்கு ஆள் எடுத்தவர்கள் நோயுற்றோரைச் சிகிச்சைக்கு அனுப்பிக் கொண்டிருந்தனர். இவர்களை மட்டும் விட்டுவிடுமாறு சுகாதாரத் துறை கேட்டுக்கொண்டது. மருந்து தேடிச் சென்ற வழியையும் அடைத்தனர். மனைவியர்க்கும் நோய் தொற்றிற்று. நோயோடு பிறந்த குழந்தைகளும் உண்டு.

அதே 1947இல் ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரிலே ஒரு வழக்கு முடிந்தது. சிறைமுகாம்களில் மனிதரை வதைத்துச் சோதனை நடத்திய நாஜி மருத்துவர்மீது தீர்ப்பு. நீதிபதிகள் அமெரிக்கர். மனிதனின் மனமுவந்த இசைவின்றி அவன் உடலில் சோதனை நடத்தல் ஆகாது என்று அவர்கள் வகுத்த நெறியே நியூரம்பெர்க் நெறி. அயல்நாட்டுக்கு அறம் உரைத்த அதே நாட்டின் அரசு அலுவலர், உள்நாட்டிலே பருத்திக் காட்டு உழவனிடம் நோயின் பெயரைக்கூட மறைத்துக் கொண்டிருந்தனர்!

இவர்களெல்லாம் அரக்கர்களா? இல்லை; அதுதான் நாம் அஞ்ச வேண்டியது. பட்டம் பெற்றவர்கள், பண்பாளர் எனப் பெயரெடுத்தவர்கள். கறுப்பின மக்களின் உயர்வுக்கென 1881இல் தோன்றிய டஸ்கீகீ கல்வி நிலையமும் இதற்கு இடம் தந்தது. யூனிஸ் ரிவர்ஸ் எனும் கறுப்பினச் செவிலி தொடக்கம் முதல் பல்லாண்டுகள் அந்த உழவர்களை அன்போடு அழைத்து வந்தார். அவர்களும் அவரைத் தம் வீட்டுப் பெண்ணாகவே கருதினர். அன்பு இருந்தது, "ஏன்?" என்ற கேள்விதான் இல்லை. 1936 முதல் ஆராய்ச்சிக் கட்டுரைகள் மருத்துவ ஏடுகளில் ஒளிவுமறைவின்றி வெளிவந்தன. படித்த மருத்துவர் பலர். பதறியவர் மிகச் சிலர். 1958இல் அவ்வுழவர்களுக்குப் பாராட்டுப் பத்திரம் வழங்கினார்கள். உடன் 25 டாலர் — ஆண்டுக்கு ஒரு டாலர் வீதம்!

கேட்டவர் எவருமே இல்லையா? இருந்தனர். 1965இல் இர்வின் ஷாட்ஸ் எனும் இளம் மருத்துவர் கட்டுரையைப் படித்துவிட்டுக் கண்டித்து எழுதினார். கடிதம் கோப்பில் உறங்கிற்று, பதில் வரவில்லை. அடுத்த ஆண்டு பீட்டர் பக்ஸ்டன் எழுதினார். அவர் மருத்துவரல்லர், சான்பிரான்சிஸ்கோவில் அதே துறையின் சிற்றலுவலர். பிராகா நகரிலே பிறந்து, நாஜிகளுக்கு அஞ்சிக் குழந்தைப் பருவத்திலேயே பெற்றோருடன் நாடு கடந்து வந்தவர். நியூரம்பெர்க் தீர்ப்பின் பொருள் அவருக்குப் புரிந்திருந்தது. மேலதிகாரிகள் அழைத்துக் கடிந்தனர். 1968இல் மீண்டும் எழுதினார். 1969இல் அறிஞர் குழு கூடிற்று. ஆராய்ச்சி தொடரட்டும் என்றது! இறுதியில் அவர் செய்தியாளரிடம் சென்றார். ஜீன் ஹெல்லர் எழுதிய செய்தி 1972 சூலை 25ஆம் நாள் வெளிவந்தது. நாடு திடுக்கிட்டது. அவ்வாண்டே ஆராய்ச்சி நின்றது.

ரோசா பார்க்சுக்காக வாதாடிய பிரெட் கிரே எனும் கறுப்பின வழக்கறிஞர் 1973இல் வழக்குத் தொடுத்தார்; 1974இல் ஒரு கோடி டாலர் ஈட்டுத்தொகைக்கு அரசு இசைந்தது. மனிதரை ஆராய்ச்சிக்கு உட்படுத்துவதை முறைப்படுத்தும் சட்டமும் அவ்வாண்டே வந்தது. மனித மதிப்பு, நன்மை, நீதி என்ற மூன்றையும் அடிப்படையாக்கிய பெல்மாண்ட் அறிக்கை 1979இல் வெளியாயிற்று. 1997 மே 16 அன்று, எஞ்சியிருந்த முதியவர் சிலர் முன்னிலையில் குடியரசுத் தலைவர் கிளிண்டன் மன்னிப்புக் கோரினார். சிறை சென்றவர்? ஒருவரும் இல்லை.

"பார்த்தீர்களா உங்கள் விஞ்ஞானத்தை!" என்று பகுத்தறிவாளரைப் பார்த்துக் கைகொட்டுவோர் இருக்கலாம். அவர்கட்கு நாம் கூறுவோம்: அது விஞ்ஞானமுமன்று. மருந்தே பெறாதோர் என்று எழுதப்பட்டவருள் சிலர் தொடக்கத்தில் சிறிது மருந்து பெற்றிருந்தனர். சிலர் பின்னர் வெளியே பெனிசிலின் பெற்றனர். கணக்கே பிழை. அதைவிடப் பெரிது, வினாவைக் கண்டு அஞ்சியமை. வினவியவனைக் கடிந்து, விடையை மறைத்து, ஏழையின் உடலைப் பலிகேட்கும் இடத்திலே, கூறப்படுவது ஆண்டவன் பெயரானால் என்ன, ஆராய்ச்சியின் பெயரானால் என்ன? பீடம் வேறு, பலி ஒன்றே.

இந்த ஏட்டைப் படிக்கும் இளைஞர்களே! நாளை உங்களில் ஒருவர் மருத்துவராவீர், ஒருவர் பொறியாளர், ஒருவர் அலுவலகத்திலே முத்திரை குத்துபவர். தொழில் திறமையைக் கல்லூரி தரும். எதிரே நிற்பவன் எந்தக் குலம், எந்த நிறம், எவ்வளவு கூலி என்று பாராது, அவனிடம் உண்மையைச் சொல்லும் கடமையை எந்தப் பட்டமும் தானே தந்துவிடாது. மேசைக்கு அப்புறம் இருப்பவன் படிக்காதவனாயின் அக்கடமை இரட்டிப்பாகிறது. மேலிடத்து ஆணை வரும். முன்னோர் வழக்கம் என்பார்கள். குழு ஒப்பிற்று என்பார்கள். அப்போது பக்ஸ்டனைப் போல் ஒருவர் எழுந்து கேட்க வேண்டும். ஒரு முறை கேட்டுப் பயனில்லையேல், மறுமுறையும் கேட்க வேண்டும்.

மேக்கன் மாவட்டத்து உழவரைப் பார்த்துக் கெட்ட இரத்தம் என்றனர். நாற்பதாண்டு வரலாற்றைப் புரட்டிய பின் நாம் கேட்கிறோம்: கெட்டிருந்தது எவர் இரத்தம்?