கல்லறை இல்லாத பாதர்

சென்ற வாரம் பார்த்த வில்லியம் ஓல்ட் போதகர் 1814இல் மட்டக்களப்புக்கு வந்து, ஓராண்டு நிறையுமுன்னே கண்மூடியவர். அவருக்கு இந்நகரில் சிலை உண்டு. இவ்வாரம் நாம் பேசப்போகிறவர் 1948இல் இலங்கைக்கு வந்தவர். அவர் உடல் எங்கே என்று இன்றுவரை எவரும் சொல்லவில்லை.

இயூஜின் ஜோன் ஹேபியர் 1923இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் பிறந்த சேசு சபைத் துறவி. அவருக்கு முந்திய தலைமுறையில் இங்கு பணியாற்றியவர்கள் பிரெஞ்சுக் குருமார். விபுலாநந்த அடிகள் மாணவராயிருந்த நாளில் புனித மிக்கேல் கல்லூரியில் இருந்த பொனெல் பாதர் அவர்களுள் ஒருவர். பின்னர் அமெரிக்கர் வந்தனர். வாவியில் பாடும் மீனின் ஒலியைப் பதிவு செய்து 1960களில் இலங்கை வானொலிக்குக் கொடுத்த லாங் பாதரும் இவர்கள் கூட்டத்தவரே.

ஹேபியரின் கோயில் பாதி நேரம் கூடைப்பந்து மைதானம்தான். திருகோணமலையிலும் பிறகு மிக்கேல் கல்லூரியிலும் அவர் வளர்த்த அணிகள் நாடறிந்தவை. பின்னாளில் கிழக்குத் தொழில்நுட்ப நிறுவனத்தை நடத்தி, இளைஞருக்குக் கைத்தொழில் கற்பித்தார்.

குருமாருக்கு எழும் வெண்கலச் சிலைகள் பலவும் ஒரே அச்சில் இருக்கின்றன: மடிப்புக் குலையாத அங்கி, கையில் நூல், எங்கோ வானத்தைப் பார்க்கும் கண். பெயர்ப்பலகையை எடுத்துவிட்டால் யாரென்று தெரியாது. சிற்பி முதலில் களிமண்ணில் முகத்தைப் பிடிக்கிறார். அதிலிருந்து அச்செடுத்து, மெழுகு வார்த்து, மண் கவசம் பூசிச் சுடுகிறார். மெழுகு உருகி ஓடிய இடத்தில் உலோகம் இறங்குகிறது. களிமண்ணில் வராத குணம் வெண்கலத்தில் வராது. ஹேபியரை வடிக்கிற எவருக்கும் என் வேண்டுதல் இதுதான்: கோட்டுக்கு வெளியே நின்று பையன்களை விரட்டும் பயிற்றுநரைப் பிடியுங்கள். உயர்ந்த பீடமும் வேண்டாம். பயிற்சி முடிந்து போகும் பிள்ளைக்குத் தோள் எட்டட்டும்.

1988 யூனில் பிரஜைகள் குழுத் தலைவர் சந்திரா பெர்னாண்டோ அடிகளார் மட்டக்களப்பில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1990 யூனில் மீண்டும் போர் மூண்டது. ஓகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் கொல்லப்பட்டனர். அடுத்த வாரம் ஏறாவூரில் முஸ்லிம் மக்கள் கொல்லப்பட்டனர். தமிழர் மீதும் பழிவாங்கல் தொடர்ந்தது. வீதியில் இறங்கவே ஊர் நடுங்கிய நாட்கள் அவை.

அந்த நாட்களில்தான் 66 வயது ஹேபியர் வாழைச்சேனைக்குப் போயிருந்தார். ஓகஸ்ட் 15, மரியாளின் விண்ணேற்புத் திருநாள். தமிழ் இளைஞர் ஒருவருடன் ஸ்கூட்டரில் மட்டக்களப்புக்குத் திரும்பினார். ஏறத்தாழ 30 கிலோமீற்றர் வழி. ஏறாவூரை அண்டிய பகுதிக்குப் பிறகு இருவரையும் யாரும் காணவில்லை.

நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் மட்டக்களப்புக் கத்தோலிக்கர் சேமக்காலையில் மெழுகுதிரி கொளுத்துவார்கள். ஹேபியருக்கும் அந்த இளைஞருக்கும் கொளுத்த, அங்கே குழி இல்லை.